நிலக்கடலை முதல் பாதாம் வரை

பாதாம், முந்திரி, பிஸ்தா, அக்ரூட், நிலக்கடலை எல்லாமே விதைகள். மண்ணில் விழும் விதை வேர்விட்டு, முதல் இலையை விரித்து, தன் உணவைத் தானே தயாரிக்கத் தொடங்கும்வரை முளைக்கு வேண்டிய ஆற்றல், புரதம், தாது உப்புகள் அனைத்தும் அந்தச் சிறு பருப்புக்குள்ளிருந்துதான் கிடைத்தாக வேண்டும். நெல்லும் கோதுமையும் இந்தச் சேமிப்பைப் பெரும்பாலும் மாவுச்சத்தாக வைத்திருக்கின்றன. கொட்டைப் பருப்புகள் எண்ணெயாக வைத்திருக்கின்றன. ஒரே எடையில் மாவுச்சத்தைவிட எண்ணெயில் இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல் அடங்கும். அதனால்தான் ஒரு கைப்பிடி பருப்பு அவ்வளவு நேரம் பசி தாங்குகிறது. இதே எண்ணெயைக் காரணம் காட்டித்தான் இதய நோயாளிகளிடம் இவற்றைத் தொடக்கூடாது என்று பல ஆண்டுகள் சொல்லப்பட்டும் வந்தது.

தாவரவியல் இவை அனைத்தையும் ஒரே இனமாகப் பார்ப்பதில்லை. ஹேசல்நட், செஸ்ட்நட் போன்ற சிலவற்றைத்தான் அது முறையான கொட்டைக்கனி என்று ஏற்கிறது. பாதாமும் பிஸ்தாவும் மாங்கொட்டையைப் போலச் சதைக்கனிக்குள் இருக்கும் ஓட்டின் உள்பருப்பு. முந்திரி, பழம்போல் பருத்த காம்பின் நுனியில் வெளியே தொங்குகிறது. நிலக்கடலை உளுந்துக்கும் துவரைக்கும் உறவான பயறு இனம். அதன் பூ தரைக்கு மேலே மலர்கிறது. மகரந்தச் சேர்க்கை முடிந்ததும் சூலகத்தின் அடியிலிருந்து ஒரு விழுது நீண்டு மண்ணுக்குள் இறங்கி, அங்கே காய் பிடிக்கிறது. பிறப்பில் இத்தனை வேறுபாடு இருந்தாலும் உள்ளடக்கத்தில் இவை நெருங்கியவை என்பதால் ஊட்டச்சத்து ஆய்வுகள் இவற்றை ஒரே தொகுதியாகக் கொள்கின்றன. தேங்காய் மட்டும் இத்தொகுதியில் சேராது. அதன் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. எனவே கொட்டைப் பருப்பு பற்றி இனி சொல்லப்படும் எந்த முடிவையும் தேங்காய்க்குப் பொருத்திப் பார்க்கக்கூடாது.

100 கிராம் நிலக்கடலையில் ஏறத்தாழ 25 கிராம் புரதமும் 49 கிராம் கொழுப்பும் 8 கிராமுக்கு மேல் நார்ச்சத்தும் இருக்கின்றன. பாதாமில் புரதம் 21 கிராம், கொழுப்பு 50 கிராம், நார்ச்சத்து 12 கிராம். பிஸ்தா பாதாமுக்கு அருகில் வருகிறது. முந்திரியில் கொழுப்பு சற்றுக் குறைவு, 44 கிராம். நார்ச்சத்தோ 3 கிராம்தான். அக்ரூட்டில் கொழுப்பு 65 கிராம், புரதம் 15 கிராம். இவை எதிலும் கொலஸ்ட்ரால் துளியும் கிடையாது. அது விலங்குணவில் மட்டுமே குறிப்பிடத்தக்க அளவில் இருக்கும் பொருள். கொலஸ்ட்ரால் இல்லாத உணவு என்று எண்ணெய்ப் புட்டிகளிலும் கடலை உறைகளிலும் அச்சிடப்படும் வாசகம் பொய்யல்ல. ஆனால் எல்லாத் தாவர உணவுக்கும் பொருந்தும் ஒன்றைத் தனிச்சிறப்பாகக் காட்டுவதால் வாங்குபவருக்கு அது எதையும் தெரிவிப்பதில்லை.

கவனிக்க வேண்டியது கொழுப்பின் வகை. பாதாம், முந்திரி, பிஸ்தா, நிலக்கடலை ஆகியவற்றில் மிகுதியாக இருப்பது ஒலியிக் அமிலம். ஆலிவ் எண்ணெய்க்குப் புகழ் தேடித்தந்ததும் இதுவே. அக்ரூட்டின் அமைப்பு வேறு. லினோலியிக் அமிலமும், ஒமேகா-3 வகையைச் சேர்ந்த ஆல்பா லினோலெனிக் அமிலமும் அதில் அதிகம். 28 கிராம் அக்ரூட்டில் இந்த ஒமேகா-3 சுமார் 2.5 கிராம் இருக்கிறது. வயது வந்த ஒருவரின் ஒருநாள் தேவைக்கு அது போதும். மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 வேறு வகை. தாவர வகையை அதுவாக மாற்றிக்கொள்ளும் திறன் உடலுக்குக் குறைவு. ஆகவே அக்ரூட் மீனுக்கு முழு மாற்றாகிவிடாது.

இவற்றோடு 28 கிராம் பாதாம் ஒருநாள் வைட்டமின் ஈ தேவையில் பாதியைத் தருகிறது. முந்திரியிலும் பாதாமிலும் மெக்னீசியம் செறிவாக இருக்கிறது. நிலக்கடலையில் நியாசினும் ஃபோலேட்டும் நிறைய. பிரேசில் கொட்டையில் செலினியம் எந்த அளவுக்கு என்றால், ஒரே ஒரு கொட்டை ஒருநாள் தேவையைத் தாண்டிவிடக்கூடும். செலினியம் அளவு மீறினால் முடி உதிர்வும் நகச் சிதைவும் வரும் என்பதால் அதை மற்றவைபோல் கைப்பிடிக் கணக்கில் உண்ணக்கூடாது.

கொழுப்பு என்றாலே மாரடைப்பு என்று அஞ்சிய காலம் 1992இல் ஒரு திருப்பத்தைச் சந்தித்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் திருச்சபையினர் 31,208 பேரை லோமா லிண்டா பல்கலைக்கழகத்தின் கேரி ஃப்ரேசரும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தனர். இச்சபையினரில் புகைப்போரும் மது அருந்துவோரும் மிகக் குறைவு, மரக்கறி உண்போர் ஏராளம். அதனால் உணவின் விளைவைப் புகையின் விளைவிலிருந்து பிரித்துப் பார்ப்பது ஓரளவு எளிதாக இருந்தது. வாரத்துக்கு நான்கு தடவைக்கு மேல் கொட்டைப் பருப்பு உண்டவர்களிடம் மாரடைப்பும் இதயநோய் மரணமும், வாரத்துக்கு ஒரு தடவைகூட உண்ணாதவர்களோடு ஒப்பிட்டால், ஏறக்குறையப் பாதியாக இருந்தன. இப்படி ஒரு முடிவை ஆய்வாளர்களே எதிர்பார்த்திருக்கவில்லை.

ஆனால் பின்தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு ஒன்றை மட்டும் வைத்துக் காரணத்தை நிறுவிவிட முடியாது. பாதாம் உண்பவர் கூடவே நடைப்பயிற்சியும் செய்பவராக இருக்கலாம். இதைச் சோதிக்க அதே பல்கலைக்கழகத்தின் ஜோன் சபாட்டே 18 ஆரோக்கியமான ஆண்களுக்கு நான்கு வாரம் வழக்கமான நல்லுணவையும், நான்கு வாரம் மொத்த ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அக்ரூட்டிலிருந்து வரும் உணவையும் மாற்றிமாற்றிக் கொடுத்தார். இரண்டிலும் மொத்தக் கொழுப்பின் அளவு ஒன்றே. அக்ரூட் வாரங்களில் இரத்தத்தின் மொத்தக் கொலஸ்ட்ரால் 12 சதவீதம் தாழ்ந்தது. தமனிச் சுவரில் படியும் எல்.டி.எல். 16 சதவீதம் தாழ்ந்தது. 1993இல் இது வெளியானது. பிறகு ஏழு நாடுகளில் நடந்த 25 சோதனைகளின் தரவுகளை ஒன்றுதிரட்டி 2010இல் கணக்கிட்டபோது, நாளொன்றுக்குச் சராசரியாக 67 கிராம் உண்டவர்களுக்கு எல்.டி.எல். 7 சதவீதம் அளவில் குறைந்திருந்தது. பாதாமா பிஸ்தாவா நிலக்கடலையா என்பதால் பெரிய வேறுபாடு வரவில்லை. தொடக்கத்திலேயே எல்.டி.எல். அதிகமாக இருந்தவர்களுக்குக் கூடுதல் பயன் கிடைத்தது. உடல் பருத்தவர்களுக்குப் பயன் குறைவாகவே இருந்தது.

கொலஸ்ட்ரால் குறைவது ஓர் அளவீடு. மாரடைப்பு குறைகிறதா என்பதே நோயாளிக்கு முக்கியம். அதை நேரடியாகச் சோதித்த பெரிய ஆய்வு ஸ்பெயினில் நடந்த ப்ரெடிமெட். இதயநோய் இன்னும் வராத, ஆனால் நீரிழிவோ வேறு அபாயக் காரணிகளோ கொண்ட 55 முதல் 80 வயது வரையான 7447 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு மத்தியதரைக்கடல் உணவுமுறையோடு ஆலிவ் எண்ணெய், இன்னொன்றுக்கு அதே உணவுமுறையோடு நாள்தோறும் 15 கிராம் அக்ரூட், 7.5 கிராம் பாதாம், 7.5 கிராம் ஹேசல்நட், மூன்றாவது குழுவுக்குக் கொழுப்பைக் குறைக்கும் அறிவுரை. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் கொட்டைப் பருப்புக் குழுவில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவற்றின் கூட்டு விகிதம் மூன்றாவது குழுவைவிடச் சுமார் 28 சதவீதம் குறைந்தது. பக்கவாதத்தில் அந்தக் குறைவு தெளிவாகத் தெரிந்தது.

2013இல் வெளியான இந்த ஆய்வை 2018இல் ஆசிரியர்களே திரும்பப் பெற்றார்கள். பங்கேற்பாளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்ததில் சில இடங்களில் பிழை நேர்ந்திருந்தது. ஒரே வீட்டைச் சேர்ந்தவர்கள் ஒரே குழுவில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். ஓரிடத்தில் ஆள்வாரியாகப் பிரிக்காமல் மருத்துவமனைவாரியாகப் பிரித்திருந்தார்கள். பிழையைக் கணக்கில் கொண்டு தரவுகளை மறுபடி ஆராய்ந்து அதே ஆண்டில், அதே இதழில் மீண்டும் வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை. ஆனால் அதன் உறுதியைப் பற்றிய சொற்கள் அடக்கமாயின. அறிவியல் தன்னைத் திருத்திக்கொள்ளும் விதம் இது. கொட்டைப் பருப்பின் பயனை எடுத்துரைக்கும் கட்டுரைகள் பல இந்தத் திருத்தத்தைச் சொல்லாமல் விடுவது வாசகருக்குச் செய்யும் நியாயமல்ல.

பணவசதி உள்ளவர்களே கொட்டைப் பருப்பு உண்கிறார்கள், அவர்களுடைய நலத்துக்குக் காரணம் வசதிதான் என்ற ஐயம் இன்னும் மீதமிருந்தது. அதற்கு விடையாக 2015இல் ஒரு ஆய்வு வந்தது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் பெரும்பாலும் குறைந்த வருமானமுள்ள கறுப்பினத்தவரும் வெள்ளையரும் 70,000க்கு மேற்பட்டோர், சீனாவின் ஷாங்காயில் 1,30,000க்கு மேற்பட்டோர் என்று இரண்டு லட்சம் பேரின் தரவுகள் அதில் இருந்தன. இவர்கள் உண்டதில் பெரும்பங்கு நிலக்கடலைதான். அதிகம் உண்டவர்களின் இறப்பு விகிதம் மிகக் குறைவாக உண்டவர்களைவிட 17 முதல் 21 சதவீதம் வரை தாழ்ந்திருந்தது. இதுவும் கவனிப்பு ஆய்வுதான், ஆனால் வசதி என்ற விளக்கம் இங்கே பொருந்தவில்லை. உலகெங்கும் வெளியான இத்தகைய ஆய்வுகளை 2016இல் தொகுத்துப் பார்த்தபோது, நாளொன்றுக்கு 15 முதல் 20 கிராம்வரை உண்ணும்போது பயன் வேகமாகக் கூடுவதும், அதற்கு மேல் உண்டாலும் பெரிதாகக் கூடாததும் தெரிந்தன.

இந்தத் துறையில் ஆய்வுகளுக்கு நிதி தருவோரில் கொட்டைப் பருப்பு வணிக அமைப்புகளும் உண்டு. அமெரிக்கச் செவிலியர்கள், மருத்துவப் பணியாளர்கள் சுமார் 1,19,000 பேரை 30 ஆண்டுகள்வரை பின்தொடர்ந்து 2013இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வுக்கே அரசு நிதியோடு அத்தகைய நிதியும் சேர்ந்தது. அதற்காக முடிவைத் தள்ளிவிட வேண்டியதில்லை. வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு நிதியில், வெவ்வேறு முறைகளில் நடந்தவை ஒரே திசையைக் காட்டுவதே இங்கு வலுவான சான்று.

உடலுக்குள் நடப்பது என்ன? நிறைவுற்ற கொழுப்பு அதிகமாகும்போது கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் உள்ள எல்.டி.எல். ஏற்பிகள் குறைகின்றன, இரத்தத்தில் எல்.டி.எல். தேங்குகிறது. அதன் இடத்தில் நிறைவுறாக் கொழுப்பு வந்தால் ஏற்பிகள் மீண்டும் பெருகி எல்.டி.எல்.ஐ இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கின்றன. பருப்புகளில் உள்ள ஃபைட்டோஸ்டீரால் என்னும் பொருள் கொலஸ்ட்ராலைப் போன்ற வடிவம் கொண்டது. குடலில் அது கொலஸ்ட்ராலோடு போட்டியிட்டு அதன் உட்கிரகிப்பைக் குறைக்கிறது. நார்ச்சத்து பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. புரதத்தில் ஆர்ஜினைன் என்னும் அமினோ அமிலம் மிகுதி. இரத்தக் குழாயின் உட்சுவர் இதிலிருந்துதான் நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்கிக் குழாயைத் தளர்த்துகிறது. நைட்ரிக் ஆக்சைடு உடலில் செய்திப் பொருளாக வேலை செய்வதைக் கண்டறிந்ததற்காக 1998இல் மூவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நிலக்கடலையின் சிவப்புத் தோலிலும் பாதாமின் பழுப்புத் தோலிலும் பாலிஃபீனால்கள் செறிந்திருக்கின்றன. இவை ஒவ்வொன்றின் பங்கும் எவ்வளவு என்று தனித்தனியே பிரித்துச் சொல்வது கடினம். கூட்டு விளைவுதான் அளக்கப்பட்டிருக்கிறது.

எண்ணெய் நிறைந்த இந்த உணவு ஏன் எடையை ஏற்றுவதில்லை என்பது நீண்ட நாள் புதிர். பல ஆய்வுகளில் நாள்தோறும் ஒரு கைப்பிடி கூடுதலாக உண்டவர்களின் எடை, கணக்குப்படி கூடியிருக்க வேண்டிய அளவுக்குக் கூடவில்லை. ஒரு காரணம் எளிது: பசி தாங்குவதால் அடுத்த வேளை உணவு தானாகக் குறைகிறது. இன்னொரு காரணம் பருப்பின் நுண்ணமைப்பில் இருக்கிறது. பாதாமை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தால் லட்சக்கணக்கான செல்கள் தெரியும். எண்ணெய்த் துளிகள் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அடைபட்டிருக்கின்றன. சுற்றியுள்ள செல்சுவர் மனிதச் செரிமான நீர்களால் கரையாத நார்ப்பொருள். பற்கள் உடைத்த செல்களின் எண்ணெய் மட்டும் வெளிவருகிறது. உடையாதவை, மூடி திறக்காத டப்பாபோல, குடல் முழுவதும் கடந்து எண்ணெயோடு வெளியேறிவிடுகின்றன.

இதை எண்ணாக மாற்றியவர்கள் அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தினர். தன்னார்வலர்களுக்குப் பாதாம் கொடுத்து, அவர்களின் கழிவில் வெளியேறிய ஆற்றலையும் அளந்தார்கள். 28 கிராம் பாதாமில் சுமார் 170 கலோரி என்பது பழைய கணக்கு. உடலுக்கு உண்மையில் கிடைத்தது 129 கலோரி என்று 2012இல் அறிவித்தார்கள். அக்ரூட்டில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. பிஸ்தாவில் வேறுபாடு 5 சதவீதம் மட்டுமே. பின்னர் பாதாமை முழுதாகவும் வறுத்தும் நறுக்கியும் விழுதாக அரைத்தும் கொடுத்துப் பார்த்தார்கள். முழுப் பாதாம் தந்த ஆற்றல் மிகக் குறைவு, வறுத்ததும் நறுக்கியதும் சற்றுக் கூடுதல், விழுதிலோ பழைய கணக்கின் முழு ஆற்றலும் கிடைத்தது. உணவிலிருந்து உடலுக்குக் கிடைக்கும் கலோரியை அந்த உணவின் வடிவமும் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. எடையைக் கவனிப்பவர் பாதாம் பாலையோ கடலை வெண்ணெயையோ குடித்தும் வழித்தும் உண்பதைவிட, முழுப் பருப்பை மென்று தின்பது நல்லது.

முந்திரிக்கு ஒரு தனிக் கதை உண்டு. 2003இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், நாளொன்றுக்குச் சுமார் 42 கிராம் கொட்டைப் பருப்பு இதயநோய் அபாயத்தைக் குறைக்கக்கூடும் என்ற வாசகத்தை உறைகளில் அச்சிட நிபந்தனையோடு அனுமதித்தது. நிலக்கடலைக்கும் பாதாமுக்கும் கிடைத்த அந்த அனுமதி, நிறைவுற்ற கொழுப்பு வரம்பைத் தாண்டியது என்று சொல்லி முந்திரிக்கு மறுக்கப்பட்டது. முந்திரியின் நிறைவுற்ற கொழுப்பில் கணிசமான பங்கு ஸ்டியரிக் அமிலம், அது எல்.டி.எல்.ஐ உயர்த்துவதில்லை. சென்னையில் மருத்துவர் வி. மோகனும் அவருடைய குழுவினரும் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 300 பேரைக் கொண்டு இதைச் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். 12 வாரம் நாள்தோறும் 30 கிராம் முந்திரி உண்டவர்களின் எடையோ இரத்தச் சர்க்கரையோ கூடவில்லை. நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். சற்றே உயர்ந்தது, மேல் இரத்த அழுத்தம் தாழ்ந்தது. பண்ருட்டி முந்திரியைச் சர்க்கரை நோயாளிகள் நஞ்சாகப் பார்க்கத் தேவையில்லை என்பதற்கு இது உள்ளூரிலேயே கிடைத்த சான்று. அவர்கள் அஞ்ச வேண்டியது முந்திரிக் கேக்கையும் நெய்யில் வறுத்து உப்புத் தூவிய முந்திரியையும்தான்.

நீரிழிவு வராமல் கொட்டைப் பருப்புகள் காக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் அரிசி உணவோடு சேரும்போது சர்க்கரை ஏறும் வேகத்தை இவை மட்டுப்படுத்துகின்றன. மூளைக்கு நல்லது என்ற கூற்றும் பரவலாக இருக்கிறது. அக்ரூட்டின் வடிவம் அதற்கு வலுச்சேர்த்துவிட்டது. லோமா லிண்டாவிலும் பார்சிலோனாவிலும் 63 முதல் 79 வயதான சுமார் 700 பேரை இரண்டு ஆண்டுகள் அக்ரூட் உண்ணச் செய்து ஆராய்ந்ததில், நினைவாற்றலிலும் சிந்தனைத் திறனிலும் ஒட்டுமொத்தமாக மாற்றம் காணப்படவில்லை. வடிவ ஒற்றுமை மருத்துவச் சான்றாகாது.

இந்த வரிசையில் தமிழ்நாட்டுக்கு மிக நெருக்கமானது நிலக்கடலை. தென்னமெரிக்காவில் தோன்றி வந்த இப்பயிர் மானாவாரி நிலத்தில் நன்றாக விளைந்ததால் திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் பகுதிகளில் வேரூன்றியது. திண்டிவனத்திலும் விருத்தாசலத்திலும் உள்ள ஆராய்ச்சி நிலையங்கள் வெளியிட்ட டி.எம்.வி., வி.ஆர்.ஐ. இரகங்கள் உழவர்களிடையே பரவின. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாதாமைவிட நிலக்கடலையில் புரதம் அதிகம், விலையோ பல மடங்கு குறைவு. இதயநலம் பற்றிய ஆய்வுகளில் இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க ஏற்றத்தாழ்வு இல்லை. இருந்தும் நோயாளியைப் பார்க்கப் போகிறவர் பாதாம் பொட்டலம் வாங்கிச் செல்கிறார், கடலையைக் கொடுப்பதைக் குறைவாகக் கருதுகிறார். பாதாம் வாங்க இயலாத குடும்பம் தன் பிள்ளைக்குச் சத்துணவு தரமுடியவில்லையே என்று வருந்துவதற்கு அறிவியலில் காரணம் எதுவும் இல்லை. அவித்த கடலையும் வறுத்த கடலையும் கடலைச் சட்னியும் அந்த வேலையைச் செய்யும். நிலக்கடலைப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவுதான். உளுந்து, பாசிப்பயறு, பால் ஆகியவற்றில் அது நிறைய இருப்பதால் இட்லியும் கடலைச் சட்னியும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன.

நிலக்கடலையின் ஆற்றல் உலக அளவில் வெளிப்பட்ட இடம் குழந்தைகளின் கடும் ஊட்டக்குறைவுச் சிகிச்சை. அதற்குமுன் பால்மாவுக் கலவையைச் சுத்தமான நீரில் கரைத்து மருத்துவமனையில் வைத்து ஊட்ட வேண்டியிருந்தது. கரைத்த பால் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். 1996 வாக்கில் பிரான்சின் மருத்துவர் ஆந்த்ரே ப்ரியாங்கும் நியூட்ரிசெட் நிறுவனத்தின் மிஷெல் லெஸ்கானும் கடலை விழுது, பால்மாவு, சர்க்கரை, எண்ணெய், வைட்டமின்கள், தாது உப்புகள் சேர்ந்த ப்ளம்பிநட்டை உருவாக்கினர். அதில் நீர் அனேகமாக இல்லாததால் நுண்ணுயிர் வளராது, சமைக்கவோ கரைக்கவோ வேண்டாம். 92 கிராம் பொட்டலம் ஒன்றில் 500 கலோரி. தாய் அதை வீட்டிலேயே குழந்தைக்கு ஊட்டலாம். மலாவி முதலிய ஆப்பிரிக்க நாடுகளில் பலன் தெளிவாகத் தெரிந்ததும், உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் பிற ஐ.நா. அமைப்புகளும் 2007இல் இந்த வீட்டுச் சிகிச்சை முறையைப் பரிந்துரைத்தன. அரைத்த விழுதில் முழு ஆற்றலும் கிடைக்கும் என்ற, எடை குறைக்க விரும்புபவருக்குப் பாதகமான அதே பண்பு, மெலிந்த குழந்தைக்கு உயிர் காக்கும் பண்பாகிறது.

செக்கில் ஆட்டும்போது நிலக்கடலை இரண்டாகப் பிரிகிறது. ஒலியிக் அமிலமும் வைட்டமின் ஈயும் எண்ணெயோடு போகின்றன. புரதம், நார்ச்சத்து, மெக்னீசியம் எல்லாம் பிண்ணாக்கில் தங்கி மாட்டுக்குப் போகின்றன. மரச்செக்கு எண்ணெய் நல்ல எண்ணெய்தான். ஆனால் முழுக் கடலையின் பயன்களை அந்த எண்ணெயின் பேரில் எழுதிக்கொள்ள முடியாது.

நிலக்கடலையின் பெரிய பகை பூஞ்சை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. தேடிப் போனபோது அவற்றுக்குத் தீவனமாகக் கொடுத்த, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கு சிக்கியது. அதில் வளர்ந்த அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சை சுரந்த நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டார்கள். அது கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பது பின்னர் உறுதியானது. ஹெபடைடிஸ் பி தொற்று உள்ளவர்களுக்கு அபாயம் பல மடங்கு பெருகும். காய் முற்றும் காலத்தில் வறட்சி தாக்கினாலும், பிடுங்கிய காயை ஈரத்தோடு மூட்டை கட்டினாலும் பூஞ்சை பிடிக்கிறது. வறுப்பதாலோ அவிப்பதாலோ இந்நஞ்சு முழுதாக அழியாது. ஐதராபாத் அருகே பட்டன்சேருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனம் இதை எதிர்க்கும் இரகங்களுக்கும் எளிய பரிசோதனை முறைகளுக்கும் பல ஆண்டுகளாக உழைத்து வருகிறது. வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. சுருங்கியவை, நிறம் மாறியவை, பூஞ்சை படிந்தவை, சொத்தையானவை ஆகியவற்றைப் பொறுக்கி எறிய வேண்டும். கசக்கும் கடலையை வாயிலிட்டால் விழுங்காமல் துப்பிவிட வேண்டும். ஒரு பொட்டலத்திலுள்ள நஞ்சின் பெரும்பகுதி சில கெட்ட பருப்புகளில்தான் குவிந்திருக்கும் என்பதால் இந்தச் சிறு கவனத்துக்குப் பெரிய பயன் உண்டு. உடைந்த சொத்தைக் கடலையை மலிவாக வாங்கி அரைத்துச் சத்துமாவில் சேர்ப்பது மிக ஆபத்தான சிக்கனம்.

ஒவ்வாமை இன்னொரு அபாயம். சிலருக்கு ஒரு துளி கடலைப் புரதம் போதும். மூச்சுக்குழாய் வீங்கி, இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே ஆபத்தாகும். மேலை நாடுகளில் இது பெருகியபோது, அபாயமுள்ள குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை கடலை தரவேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2000இல் அறிவுறுத்தியது. ஆனால் கைக்குழந்தைப் பருவத்திலேயே கடலைத் தின்பண்டம் உண்ணும் இஸ்ரேலிய யூதக் குழந்தைகளைவிட, அதைத் தவிர்த்த இங்கிலாந்து யூதக் குழந்தைகளிடம் ஒவ்வாமை பத்து மடங்கு இருப்பதை லண்டனின் கிடியன் லாக் கவனித்தார். அவருடைய குழு கடும் கரப்பான் அல்லது முட்டை ஒவ்வாமை உள்ள 640 கைக்குழந்தைகளைப் பிரித்து, ஒரு பாதிக்குக் கடலை உணவைத் தொடர்ந்து கொடுத்தது, மறு பாதிக்குத் தவிர்த்தது. ஐந்து வயதில் தவிர்த்தவர்களில் 17 சதவீதத்தினருக்கும், உண்டவர்களில் 3 சதவீதத்தினருக்கும் ஒவ்வாமை இருந்தது. 2015இல் வெளியான இந்த முடிவு அறிவுரையைத் தலைகீழாக மாற்றியது. அபாயமுள்ள குழந்தைக்கு மருத்துவரின் மேற்பார்வையில் முன்கூட்டியே கொடுக்கத் தொடங்குவதே இப்போதைய முறை. கொடுப்பது அரைத்த வடிவமாக இருக்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு முழுக் கடலை கூடாது. இந்தியாவில் குழந்தைகளின் மூச்சுக்குழாயிலிருந்து மருத்துவர்கள் அகற்றும் பொருள்களில் அடிக்கடி காணப்படுவது நிலக்கடலைதான்.

சிறுநீரகம் செயலிழந்தவர்கள் பொட்டாசியமும் பாஸ்பரசும் காரணமாகவும், ஆக்சலேட் கல் உள்ளவர்கள் பாதாமின் ஆக்சலேட் காரணமாகவும் மருத்துவரைக் கேட்டே அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

மற்றவர்களுக்கு நாளொன்றுக்கு 30 கிராம் போதுமானது. பாதாமில் அது ஏறத்தாழ 23 அல்லது 24 பருப்புகள். நிலக்கடலையில் உள்ளங்கை நிறைய. உலக அளவில் கொட்டைப் பருப்பும் விதைகளும் உண்ண வேண்டிய அளவு நாளுக்கு 21 கிராம் என்றும், உண்ணப்படுவது 3 கிராம் மட்டுமே என்றும் 2019இல் வெளியான உலக நோய்ச்சுமை ஆய்வு கணக்கிட்டது. உணவோடு கூடுதலாகச் சேர்ப்பதைவிட, மாலையில் தின்னும் பஜ்ஜி, முறுக்கு, பிஸ்கட் ஆகியவற்றின் இடத்தில் வைப்பதில்தான் பயன் அதிகம். சோதனைகளில் எல்.டி.எல். குறைந்ததில் இந்த இடமாற்றத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

பாதாமை இரவில் ஊறவைத்துத் தோலுரித்து உண்ணும் வழக்கம் பரவலானது. ஊறவைத்தால் இரும்பு, துத்தநாகம் ஆகியவற்றைக் கட்டிப்போடும் ஃபைட்டிக் அமிலம் நீங்கும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்தபோது ஊறவைப்பதால் அந்த அமிலம் சொல்லத்தக்க அளவில் குறையவில்லை. தோலை உரித்தால் பாலிஃபீனால்களும் நார்ச்சத்தின் ஒரு பகுதியும் இழப்பாகின்றன. மெல்ல எளிதாக இருக்கிறது என்பதற்காக முதியவர்கள் ஊறவைப்பது நியாயமே, உரிப்பதற்குத்தான் காரணம் இல்லை. நிலக்கடலைக்கும் இதுவே பொருந்தும்; சிவப்புத் தோலை ஊதித் தள்ளாமல் சேர்த்தே தின்னலாம். கடலை மிட்டாயில் வெல்லம் அதிகம் என்பதை நினைவில் வைத்து அளவோடு உண்ணலாம். பாமாயிலில் பொரித்து உப்பும் மசாலாவும் சேர்த்த பொட்டலக் கடலையை இந்தக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே சரி.

நிறைவுறாக் கொழுப்புக்குக் காற்றும் வெளிச்சமும் வெப்பமும் ஆகாது. உடைத்த பருப்பில் அது ஆக்சிஜனோடு சேர்ந்து சிக்கு வாடை பிடிக்கிறது. அக்ரூட்டில் ஒமேகா-3 மிகுதி என்பதால் அதுதான் முதலில் கெடும். ஓட்டோடு இருக்கும் கடலையும் அக்ரூட்டும் மாதக்கணக்கில் தாங்கும். ஓடு நீக்கியதை ஈரமில்லாத, காற்றுப்புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைப்பது நல்லது. வறுத்ததை ஓரிரு வாரத்துக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்குவது போதும். நாக்கில் காறலோ மூக்கில் பழைய எண்ணெய் வாடையோ பட்டால் அந்தப் பருப்பை உண்ணக்கூடாது.